ஐந்துக்கு இரண்டு

பயிற்சி என்ற பெயரில் எல்லோரையும் ஏழாவது மாடியில் அடைத்துவைத்த அன்றைக்குத் தராசு காலையிலிருந்தே கடுகடுவென்று இருந்தாள். கேட்டு மார்க் போட வேண்டிய போன் கால்கள் நாற்பது வரிசையில் காத்துக் கிடக்கின்றன. அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, "நாம் அறியாத பாரபட்சம்" என்று திரையில் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் இரண்டு நிறத்தில் ஒரு மூளைப் படத்தையும் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பென்சில், மேஜைக்கு ஒரு தட்டு பிஸ்கட்.

தராசு என்பது அவளுடைய பெயர் இல்லை. வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் ரிப்பேர் என்று ஜனங்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுகிற கம்பெனி அது. கீழே மூன்று மாடி நிறையப் பேசுகிறவர்கள். அவர்கள் பேசியதை ரெக்கார்டிங்கில் கேட்டு, ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறவர்கள் மேலே பதினோரு பேர். அதற்கு குவாலிட்டி செக்‌ஷன் என்று பெயர். அந்தப் பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. யார் கெஞ்சினாலும் அரை மார்க்கைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாள் என்பதால் அவள் தராசு. கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. யார் எதைக் கேலியாகக் கொடுத்தாலும் அதைத் துடைத்து நல்லதாக்கி வைத்துக்கொள்ள அவள் கல்லூரியில்தான் கற்றிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் கொட்டாவி என்று எல்லோரும் கூப்பிடுகிறவர். செக்‌ஷனிலேயே மூத்தவர், மத்தியானத்துக்கு மேல் வாயை மூட முடியாதவர். "எனக்கு இருக்கறதெல்லாம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச பாரபட்சம்மா. அதுக்கு ஏதாவது கிளாஸ் இருந்தா சொல்லு" என்று அவள் காதருகே முணுமுணுத்தார். தராசு பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

பயிற்சி கொடுக்க வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். மூளையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு, ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தாள். இரண்டும் இந்தக் கம்பெனியின் பழைய கால்கள்தான் என்றாள். பேசியதை வார்த்தைக்கு வார்த்தை டைப் அடித்திருந்தது. யார் பேசியது என்று இல்லை. படித்துவிட்டு மார்க் போடச் சொன்னாள்.

முதல் தாளில் ஃப்ரிட்ஜ் நின்றுபோன ஒரு வீடு. உள்ளே குழந்தையின் மருந்து கெட்டுவிடும் என்று தாய் பதறுகிறாள். எப்படிக் காப்பாற்றி வைக்கலாம் என்று ஏஜென்ட் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆறு நிமிஷத்தில் முடிய வேண்டிய கால் பதின்மூன்று நிமிஷம்.

இரண்டாவது தாளில் ஒரு பெரியவர். வாஷிங் மெஷினின் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. உள்ளே அரை டிரம் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு போர்வை. போன மாதம் இறந்துபோன மனைவியின் போர்வை. ரிப்பேர் ஆள் வர மூன்று நாள் ஆகும், அதற்குள் நாறிவிடும் என்று அழுகிறார். ஏஜென்ட் அவரைத் தரையில் உட்காரச் சொல்கிறாள். மெஷினின் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்கடியில் தட்டு வைத்து மூடியை ஒரே ஒரு சுற்று திருகச் சொல்கிறாள். தட்டு நிரம்பினால் மூடியை இறுக்கிவிட்டுப் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். ஒன்பது தட்டு. ஒன்பது தடவையும் அவர் போய் வருகிறவரை அவள் லைனிலேயே இருக்கிறாள். "மெதுவா போங்க, தரை ஈரமா இருக்கும். நான் எங்கயும் போகல" என்று தாளில் இருந்தது. பதினான்கு நிமிஷம்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது தராசுக்கு. நாளொன்றுக்கு முப்பது கால் கேட்கிறவளுக்கு எல்லாமே எங்கேயோ கேட்டதுதான். முதலாவதற்கு நாலு, இரண்டாவதற்கு நாலரை என்று எழுதினாள். கொட்டாவி இரண்டாவதற்கு ஐந்தே போட்டிருந்தார். அறை முழுக்கக் கணக்கெடுத்ததில் இரண்டாவதற்கு நாலுக்குக் கீழே ஒருவர்கூடப் போடவில்லை.

"சரி, இப்ப குரலைக் கேளுங்க" என்று பயிற்சிக்காரி பட்டனைத் தட்டினாள்.

முதல் குரல் வழுவழுவென்று வந்து போயிற்று. இரண்டாவது குரல் "சொல்லுங்கய்யா" என்றது.

தராசு நிமிர்ந்தாள். அது அவள் அண்ணி.

பதினான்கு நிமிஷத்தையும் பயிற்சிக்காரி ஓடவிட்டாள். முடிந்ததும் திரையில் பழைய மார்க்கைக் காட்டினாள். முதலாவதற்கு நாலரை. "வாடிக்கையாளர்மீது அக்கறை தெரிகிறது. நேரம் கூடியது நியாயமே" என்று குறிப்பு. இரண்டாவதற்கு ஐந்துக்கு இரண்டு. "தொழில்முறைக் குரல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் பேசுகிறார். வாக்கியத்தின் கடைசியைக் கீழே போடுகிறார். நேரக் கட்டுப்பாடு இல்லை."

"யார் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்ல" என்றாள் பயிற்சிக்காரி. "ஆனா மூணு தடவை ரெண்டரைக்குக் கீழ வந்தா வேலையை விட்டு அனுப்பணும்னு உங்க விதி. இது அவங்களுக்கு மூணாவது. அவங்க இப்ப இங்க இல்ல."

கொட்டாவி தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிச்சா அஞ்சு, கேட்டா ரெண்டா" என்றார். அதில் கேலி இல்லை. தராசு பென்சிலின் மொட்டை முனையை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது தராசுக்குப் பதினொரு வயது. அம்மா இல்லாத வீடு. இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். வந்த மூன்றாம் நாளே அவள் தலையில் இருந்த சிக்கையெல்லாம் எடுத்து வாரிவிட்டவள் அண்ணி. அவளைவிட ஒன்பதே வயது பெரியவள். பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். இருபத்தாறு வயதிலும் அவள் பாப்பாதான்.

கல்லூரியில் முதல் வாரம், எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மூன்று வாக்கியம் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரல் கீழே போய் விழுந்தது, மூட்டையை இறக்கிவைக்கிற மாதிரி. அவள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். வகுப்பு சிரித்தது. ஒருத்தி அதே மாதிரி பேசிக் காட்டினாள். அது நன்றாகவே இருந்தது, அதுதான் கொடுமை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அவள் அழுததை அண்ணி பார்த்துவிட்டாள். என்ன ஏது என்று துருவவில்லை. புத்தகத்தை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, "நீ பேசு, எங்க விழுதுன்னு நான் சொல்றேன்" என்றாள்.

இரண்டு வருஷம் இது நடந்தது. அண்ணி ஒரு கையால் அடுப்பில் கிளறுவாள், இன்னொரு கையில் புத்தகம் இருக்கும். "கடைசியைக் கீழ போட்டுட்டே பாப்பா, எடு" என்பாள். குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்குவதுபோல் தராசு பாவனை செய்வாள், இருவரும் சிரிப்பார்கள். பிறகு அண்ணி கோபக்கார வாடிக்கையாளராக மாறி, வராத ரிப்பேர்காரனையும் அவன் பரம்பரையையும் சேர்த்து வைத்துத் திட்டுவாள். தராசு சாந்தமாகப் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் வயரிங் வேலை முடித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, யார் வீட்டில் சண்டை என்று கேட்பான். அந்தக் குரல் தராசுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. கேட்டுக் கேட்டு அண்ணிக்கும் ஆசை வந்தது. தபாலில் படித்து, முப்பத்திரண்டு வயதில் பட்டம் வாங்கி, அதே கம்பெனியில் கீழ் மாடியில் போன் எடுக்கச் சேர்ந்தாள்.

சேர்ந்த அன்றைக்கே தராசு சொல்லிவிட்டாள், உள்ளே நாம் உறவு என்று யாருக்கும் தெரிய வேண்டாம், என்னால் வந்ததாகப் பேசுவார்கள் என்று. அண்ணி உடனே தலையாட்டினாள். லிஃப்டில் எதிர்ப்பட்டால் யாரோபோல் நின்றாள். அப்படி நிற்பதை அவள் ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு மேடம் என்னைப் பார்க்கவே இல்ல" என்று அண்ணனிடம் கோள் சொல்வாள்.

மார்க் போடுகிற திரையில் "தெரிந்தவர்" என்று ஒரு பட்டன் உண்டு. குரல் சொந்தக்காரருடையது என்று தெரிந்தால் அதை அழுத்தி வேறொருவருக்கு அனுப்பிவிட வேண்டும். விதி அது, மீறினால் வேலை போகும். அண்ணியின் கால் முதல்முறை அவள் காதுக்கு வந்தபோது விரல் பட்டன்மேல் போனது. அழுத்தினால் எந்த ஏஜென்ட், என்ன உறவு என்று எழுத வேண்டும். செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துவிடும். ஹெட்போனில் அந்தக் குரல் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு வாக்கியமும் மூட்டை இறக்கிக்கொண்டு. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

உறவுக்காரி என்று ஒரு புள்ளிகூடக் கூடிவிடக் கூடாது என்பதற்காக அரை மார்க் குறைத்துப் போடுவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேர்மையாம். அந்த அரை எப்படி இரண்டரையாக வளர்ந்தது என்று அவள் யோசித்ததே இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் எரிச்சல் வந்தது, அவ்வளவுதான். அவள் வாயிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவி எடுத்தது, இன்னொரு வாயில் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டு கால்கள் அவளிடம் வந்தன. இரண்டுக்கும் இரண்டரைக்குக் கீழே. இன்னொன்றுக்கு வேறு யாரோ அப்படியே போட்டிருந்தார்கள். ஒருவர் போட்டது மற்றவர்க்குத் தெரியாது. மூன்றாவது என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசைதான்.

வேலை போன அன்றைக்கு அண்ணி சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, நாளையிலிருந்து போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அண்ணன், நம்ம வாய்க்கெல்லாம் அங்க வேலை கிடையாதுன்னு அப்பவே சொன்னேனே என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். ஒரு மாதம் கழித்து மாத்திரை கம்பெனியில் அட்டைகளைப் பெட்டியில் அடைக்கும் வேலைக்குப் போனாள் அண்ணி. எட்டு மணி நேரமும் வாயில் துணிக் கவசம். பேசக் கூடாது. பேசினாலும் மெஷின் சத்தத்தில் கேட்காது. வீட்டில் போன் அடித்தால், "நீயே எடு பாப்பா" என்று நீட்டிவிடுவாள். தன் தங்கையே கூப்பிட்டாலும் இந்தப் பக்கம் "உம்" மட்டும்தான். சிரிப்புக்காக அண்ணி அவ்வப்போது நடித்துக் காட்டுகிற கோபக்கார வாடிக்கையாளர் அதன்பிறகு அந்த வீட்டுக்கு வரவே இல்லை. களைப்பு என்று தராசு நினைத்தாள். நினைப்பதற்கு அது வசதியாகவும் இருந்தது.

பயிற்சி முடிந்த மறுநாள் மேனேஜர் ஒரு படிவத்தை எல்லோருக்கும் அனுப்பினார். தான் போட்ட பழைய மார்க்கில் பாரபட்சம் இருந்ததாக யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம், திரும்பக் கேட்டுத் திருத்துவார்கள், வேலை போயிருந்தால் அதையும் பரிசீலிப்பார்கள். ரெக்கார்டிங் ஆறு மாதம்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். போர்வைக் காலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

படிவத்தில் நாலாவது கேள்வி: இந்த ஏஜென்டை உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரியும் என்றால், என்ன உறவு?

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி சமையலறையில் கவசங்களைத் துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத சமையலறை. தராசு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நாள் பூரா ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"அண்ணி, அந்தப் போர்வைக் கால்."

"எது?"

"ஒரு தாத்தா. ஒம்பது தட்டு தண்ணி."

அண்ணியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "ஆமா. கடைசியில கதவு திறந்துக்கிச்சு. அவர் போர்வையை எடுத்து பக்கெட்டுல போட்டுட்டு வந்து, போட்டுட்டேம்மான்னு சொன்னாரு." கவசத்தை முறுக்கிப் பிழிந்தாள்.

"அதுக்கு மார்க் போட்டது நான்தான்."

"தெரியும்."

அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் கவசத்தை விரித்துப் போட்டு, இரண்டு நாடாவையும் ஒரே அளவாக இழுத்துவிட்டாள் அண்ணி. பிறகுதான் திரும்பினாள்.

"அந்த மார்க் குறிப்பை என் கையிலயும் ஒண்ணு கொடுத்தாங்க இல்ல. கடைசியைக் கீழ போடுறார்னு எழுதியிருந்துச்சு. இந்த உலகத்துல அதை அப்படிச் சொல்றது ரெண்டு பேர்தான். நான் எழுதல."

ஆறு மாதம். ஆறு மாதமாக இதைத் தெரிந்துகொண்டே அண்ணி தராசுக்குச் சோறு போட்டிருக்கிறாள், துணியை மடித்து வைத்திருக்கிறாள், தலைவலி என்றால் தைலம் தேய்த்திருக்கிறாள். தராசு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"ஏன் கேக்கல அண்ணி? அப்பீல் பண்ண ஒரு வாரம் டைம் இருந்துச்சே."

"ஃபாரம்கூட வாங்கினேன்." அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "வேற யாராவது எழுதியிருந்தா சண்டை போட்டிருப்பேன் பாப்பா. அந்த ஃப்ளோரையே ரெண்டாக்கியிருப்பேன். எழுதினது நீ. என் பேச்சு எங்க விழுதுன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? நீயே சொல்லிட்டா அப்ப அது நிஜம்தான்னு விட்டுட்டேன்."

"நிஜம் இல்ல."

"இப்ப சொல்ற."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தராசு பிழைத்திருப்பாள். அண்ணி அதை மணி எத்தனை என்பதுபோல் சொன்னாள். தராசு படிவத்தைப் பற்றிச் சொன்னாள், நாலாவது கேள்வியைப் பற்றிச் சொன்னாள், எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றாள். எழுதினால் உன் வேலை இருக்குமா என்று அண்ணி கேட்டாள். இருக்காது.

"அப்ப எதுக்கு? வீட்ல ரெண்டு பேரும் சேர்ந்து மாத்திரை அடைக்கவா? கவசமும் ரெண்டுதான் இருக்கு." தன் நகைச்சுவைக்குத் தானே பாதி சிரித்தாள். மறுபாதிக்கு முகம் ஒத்துழைக்கவில்லை. "விடு பாப்பா. எழுந்திரு, வழியில உக்காந்திருக்க."

வெள்ளிக்கிழமை தராசு படிவத்தைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நாலாவது கேள்வியை மட்டும் காலியாக விட்டு, காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுக்கும்படி தணிந்த குரலில் சொன்னார். அண்ணியின் மார்க்கைத் திருத்திவிடலாம். பயிற்சிக்குப் பிறகு தானாக முன்வந்தவள் என்று மேலேயும் சொல்லலாம், அவளுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. புதுத் தாள் ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

தராசு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கவனக்குறைவு. அந்தக் காலை அவள் மூன்று தடவை கேட்டாள். ஒன்பது தட்டையும் மூன்று தடவை. எங்கெங்கே குரல் விழுகிறது என்று மட்டும் நேரம் குறித்து எழுதினாள், பேசிய வார்த்தை எதுவும் மனதில் நிற்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கவனமாக எதையும் கேட்டதில்லை.

"கவனக்குறைவு இல்ல சார். கவனமாத்தான் போட்டேன். அவங்க என் அண்ணி."

மேனேஜர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். மூன்றாம் நாள் அவள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். ஹெட்போனையும் சுற்றி வைத்தாள். கொட்டாவி லிஃப்ட் வரை கூடவே வந்தார். அந்த மூன்றில் மற்றது நான் போட்டதாக இருக்குமோ என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றார். மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். லிஃப்ட் கதவு மூடும்போதும் அவர் அங்கேயே நின்றிருந்தார், வாயை இறுக்க மூடிக்கொண்டு.

நடந்ததைக் கேட்டதும் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அண்ணிதான் பேசினாள்.

"ஒரு வரியை விட்டுட்டு எழுதியிருக்கலாமே."

"பொய்யாயிருக்கும் அண்ணி."

"ஆயிருக்கட்டும். உன் வேலையாவது மிஞ்சியிருக்கும்." அண்ணி காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். "எனக்குக் குறைச்சுப் போட்டப்பவும் நீ சரியா இருக்கணும்னுதான் பார்த்த. இப்பவும் அதையேதான் பார்க்கற. நடுவுல நான் எங்க இருக்கேன் பாப்பா?"

தராசின் துணியை மடித்து அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டு அண்ணி விளக்கைப் போடப் போனாள்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் காலை மூன்று பேர் புதிதாகக் கேட்டு மார்க் போட்டிருக்கிறார்கள்: நாலு புள்ளி ஆறு. வேலையை விட்டு அனுப்பிய உத்தரவு ரத்து. விருப்பமிருந்தால் திரும்ப வரலாம், பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வருத்தம் தெரிவிக்கிற ஒரு வரியும் இருந்தது, எல்லோருக்கும் அடித்து வைத்திருக்கிற வரி. தராசு அதை உரக்கப் படித்துக் காட்டினாள். அண்ணி மார்க்கை மட்டும் இன்னொரு தரம் கேட்டாள். நாலு புள்ளி ஆறா என்றாள். கடிதத்தை வாங்கி ஃப்ரிட்ஜின் மேல் வைத்து, பறக்காமல் இருக்க உப்பு ஜாடியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். சமைக்கும்போதெல்லாம் ஜாடியை எடுத்தாள், போட்டாள், திரும்பக் கடிதத்தின் மேலேயே வைத்தாள்.

போங்கள் என்று தராசு நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, நான் வாடிக்கையாளர், நீங்கள் பேசுங்கள் என்றுகூடச் சொன்னாள். அண்ணி அவளைப் பார்த்த பார்வையில் புத்தகத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். போர்வைக் கால் அழிய வேண்டிய நாளும் அதற்குள் கடந்துவிட்டது. பரிசீலனையில் இருந்ததற்காக இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பார்களா, அழித்துவிட்டார்களா, கேட்க அவளுக்கு இனி அங்கே ஆள் கிடையாது. மெதுவா போங்க, தரை ஈரமா இருக்கும். அதை அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வார்த்தை வந்தது. குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மங்கலாக வந்தது. இதே வீட்டில், எட்டடி தூரத்தில் அந்தக் குரலுக்குரியவள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை கம்பெனிக்கு விடுமுறை. தராசு வேலை தேடி எழுதிக்கொண்டிருந்த விண்ணப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வழக்கமாக அவள்தான் எடுக்க வேண்டும். அண்ணி கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னாள். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அடுப்பு மேடைமேல் வைத்தாள்.

மறுபக்கம் ஒரு பெண். வழுவழுவென்ற, ஒரு மடிப்பு இல்லாத குரல். கம்பெனியின் பெயரைச் சொல்லி, அண்ணியின் முழுப் பெயரையும் சொல்லி, கடிதம் கிடைத்ததா, அவர்கள் திரும்ப வருகிறார்களா, இன்றைக்குக் கடைசி நாள் என்று கேட்டது.

அண்ணி மேடையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். போனைப் பார்க்கவில்லை. கயிற்றில் தொங்கிய கவசங்களைப் பார்த்தாள்.

"அவங்க வீட்ல இல்லீங்க" என்றாள்.

எப்போது வருவார்கள் என்று அந்தக் குரல் கேட்டது.

"தெரியலீங்க. எங்க போனாங்கன்னு சொல்லிட்டுப் போகல."

நன்றி சொல்லி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். திரையில் வெளிச்சம் அணைந்தது. அண்ணி கடைசியைக் கீழே போடவில்லை. இரண்டு பதிலிலும் குரல் ஒழுங்காக எழுந்து, ஒழுங்காக மேலேயே நின்றது. ஒரு குறையும் சொல்ல முடியாது. அது யாருடைய குரலோ.

அண்ணி உப்பு ஜாடியை எடுத்து, கொதிக்கிற பாத்திரத்தில் ஒரு கை போட்டாள். ஜாடியை வைக்க இடம் பார்த்து ஒரு நிமிஷம் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டு, அதே இடத்தில் வைத்தாள்.